அலமாரிக்கும் வாசகருக்கும் நடுவே

புத்தகம் வாங்க அமைப்பு இருக்கிறது. படத்தைப் பாதுகாக்க அமைப்பு இருக்கிறது. 'இதைப் படியுங்கள், இதைப் பாருங்கள்' என்று சொல்ல வேண்டிய நூலகர் மட்டும் கணக்கில் வராமல் போய்விட்டார்.

சத்யஜித் ராய் அந்த நாவலை அதுவரை படித்திருக்கவில்லை. 1940-களின் நடுப்பகுதி. கல்கத்தாவில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஓவியர் வேலை. கூடவே சிக்னெட் பிரஸ் என்ற பதிப்பகத்துக்கு அட்டைப்படம் வரைந்து கொடுத்துக் கொண்டிருந்தார். பதிப்பகத்தை நடத்திய டி.கே. குப்தா, விபூதிபூஷண் பந்த்யோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி'யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட முடிவு செய்தார். படம் வரையும் பொறுப்பை ராயிடம் ஒப்படைத்தார். இந்தக் கதை நல்ல சினிமாவாகும் என்றும் சொல்லி வைத்தார். ராய் படித்தார். 1955-ல் படம் வெளிவந்தது.

இந்திய சினிமா அந்த ஆண்டில் திசை திரும்பியதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். அவற்றில் மிக எளிய காரணம் இது: புத்தகத்தையும் தெரிந்த, ஆளையும் தெரிந்த ஒருவர் இருவரையும் சேர்த்து வைத்தார்.

எல்லோருக்கும் ஒரு குப்தா வாய்ப்பதில்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு, 'இதைப் படித்துப் பாருங்கள்' என்று சொல்ல ஒரு சராசரி இந்தியருக்கு ஆசிரியர் கிடையாது. பாடநூலும் நோட்டுப் புத்தகமும் விற்கும் கடைகளைத் தவிர்த்தால், பெரும்பாலான சிற்றூர்களில் புத்தகக் கடையும் கிடையாது. மிஞ்சுவது நூலகம், அதில் ஒரு நூலகர். ஆனால் அவருக்கும் வாசகருக்கும் இடையே நடக்கும் பேச்சு உறுப்பினர் அட்டை, திருப்பித் தர வேண்டிய தேதி, தாமதக் கட்டணம் ஆகிய மூன்றைத் தாண்டுவது அபூர்வம்.

குழந்தைகள் என்ன படிக்க வேண்டும் என்று கவலைப்பட இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். பெரியவர்களைப் பற்றி அந்தக் கவலை யாருக்கும் இல்லை. நாற்பது வயதுக்காரர் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக் கொள்வார் என்று நினைக்கிறோம். இருப்பதே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? தமிழ் வாசகருக்கு ஓர் அஸ்ஸாமிய நாவலாசிரியரின் பெயர் தெரியாது. குஜராத்தி ரசிகருக்கு மணிப்புரி மொழியில் சினிமா இருப்பதே தெரியாது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் 22 மொழிகளை வைத்திருக்கும் நாட்டில், பக்கத்து மாநிலத்து மொழி பலருக்கு வெளிநாடு.

அமெரிக்க, பிரிட்டிஷ் பொது நூலகங்களில் ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்த நூல்களையும் படங்களையும் தனி அலமாரியில் எடுத்து வைத்து, ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதி ஒட்டுவது சாதாரண வழக்கம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், 'நம் ஊரில் இதெல்லாம் நடக்குமா?' என்று பெருமூச்சு விடுகிறார்கள். நடந்திருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது.

பரோடாவிலிருந்து கிளம்பிய பெட்டிகள்

பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகராக இருந்த வில்லியம் ஆலன்சன் போர்டனை 1910-ல் தன் சமஸ்தானத்துக்கு வரவழைத்தார். மூன்று ஆண்டுகள் தங்கிய போர்டன், பரோடாவில் மத்திய நூலகத்தை ஒழுங்குபடுத்தினார். 1911-ல் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். இந்தியாவில் அதுதான் முதல். கிராம நூலகத்துக்கு ஊரார் ஒரு தொகை திரட்டினால், அதற்கு ஈடான தொகையை மாவட்ட நிர்வாகமும் அரசும் தனித்தனியே தந்தன. நூலகம் வைக்க வசதியில்லாத ஊர்களுக்குப் பெட்டிகளில் புத்தகங்கள் போய் வந்தன. போக்குவரத்துச் செலவு அரசினுடையது.

இதைவிட வியப்பான விஷயம் ஒன்று உண்டு. அந்த நூலகத் துறைக்குள்ளேயே காட்சிவழிக் கல்விக்கென்று ஒரு பிரிவு இருந்தது. மேஜிக் லாந்தர், ஸ்டீரியோஸ்கோப், சினிமா இயந்திரம் ஆகியவற்றைத் தூக்கிக் கொண்டு ஊழியர்கள் ஊர் ஊராகப் போய் இலவசமாகப் படம் காட்டினார்கள். 'ராஜா ஹரிச்சந்திரா' வெளிவந்தது 1913-ல். இந்தியா தன் முதல் முழுநீளக் கதைப்படத்தைப் பார்த்துக் கொண்டிருந்த அதே பத்தாண்டில், ஒரு சமஸ்தானத்தின் நூலகத் துறை புத்தகத்தையும் படத்தையும் ஒரே வேலையாகப் பார்த்தது. எழுத்தறியாதவர் படம் பார்க்க வருவார், வந்தவரோடு பேசலாம், பேசினால் எழுத்தின் பக்கம் இழுக்கலாம். கணக்கு எளிமையானது.

பரோடா செய்து பார்த்ததை வேறொரு வழியில் வந்தடைந்து, விதியாகவே எழுதி வைத்தவர் சீர்காழிக்காரர். 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1931-ல் அவருடைய 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' ஆங்கிலத்தில் வெளிவந்தது. இன்றும் உலகெங்கும் நூலக மாணவர்கள் படிக்கும் நூல் அது.

அதன் இரண்டாவது விதி: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். மூன்றாவது விதி: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். இரண்டாவது விதியில் வாசகர் கேட்டு வருகிறார். எடுத்துக் கொடுத்தால் போதும். மூன்றாவது விதியில் கேட்க யாரும் வரவில்லை. நூல் அலமாரியில் கிடக்கிறது. அதற்குக் கால் கிடையாது, வாய் கிடையாது. அதன் சார்பில் யாராவது எழுந்து போய் அதற்குரிய ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். ரங்கநாதன் அலமாரிகளைத் திறந்து வைக்கச் சொன்னதும், அலமாரிகளுக்கிடையே நடமாடி வாசகருக்கும் நூலுக்கும் அறிமுகம் செய்து வைக்க ஊழியர்கள் வேண்டும் என்று வற்புறுத்தியதும் இதனால்தான். கணக்குப் பார்க்கும் ஊழியரைவிட வாசகரோடு பேசும் ஊழியரே நூலகத்தின் உயிர் என்பது அவர் கட்சி.

டில்லியும் அம்பலப்புழையும்

1951 அக்டோபர் 27 அன்று பழைய டில்லி ரயில் நிலையத்துக்கு எதிரே டில்லி பொது நூலகத்தை ஜவாஹர்லால் நேரு திறந்து வைத்தார். யுனெஸ்கோவின் உதவியோடு தொடங்கிய முன்னோடித் திட்டம் அது. பிரிவினை முடிந்து நாலே ஆண்டுகள். அகதிகள் நிறைந்த நகரம். ஹிந்தி, உருது, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் நூல்கள். கட்டணமில்லை, அலமாரிகள் திறந்திருந்தன.

நூல் வழங்குவதோடு அது நிறுத்திக் கொள்ளவில்லை. சமூகக் கல்விப் பிரிவு என்று ஒன்று வைத்து, பெரியவர்களுக்காகத் திரைப்படக் காட்சிகள், விவாதக் குழுக்கள், நாடகம், சொற்பொழிவுகள் நடத்தியது. புதிதாக எழுத்துக் கற்றவர்களுக்குத் தனி நூல்கள் வைத்தது. வேலை முடிந்து மாலையில் வருபவரிடம் 'என்ன வேண்டும்?' என்று கேட்பதற்கும், 'இன்று ஒரு படம் போடுகிறோம், உட்காருங்கள்' என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது கடை. இரண்டாவது வீடு.

கேரளத்தில் இதையே மக்கள் தாங்களாகச் செய்தார்கள். நீலம்பேரூரில் 1926-ல் ஒரு சிறு நூலகம் தொடங்கிய பள்ளி ஆசிரியர் பி.என். பணிக்கர், 1945-ல் 47 நூலகங்களின் பிரதிநிதிகளை அம்பலப்புழையில் கூட்டினார். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்த கிரந்தசாலை சங்கம் 1975-ல் யுனெஸ்கோவின் குருப்ஸ்காயா விருது பெற்றது. பணிக்கர் 1995 ஜூன் 19 அன்று மறைந்தார். அந்த நாளைக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. இன்று கேரள நூலகக் கவுன்சிலில் இணைந்த நூலகங்கள் எட்டாயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை ஊர்க் குழுக்கள் நடத்துபவை. மாவட்டக் கவுன்சில்கள் நடத்தும் புத்தகத் திருவிழாக்களுக்கு நூலகப் பொறுப்பாளர்கள் நேரில் வந்து, புரட்டிப் பார்த்து, மானியத் தொகைக்குத் தாங்களே நூல்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டிக் கொண்டு போகிறார்கள். தானே தேர்ந்தெடுத்த நூலைப் பற்றி ஒருவர் நாலு பேரிடம் பேசாமல் இருக்க மாட்டார். வாசிப்பில் கேரளம் முன்னே நிற்பதன் ரகசியங்களில் இதுவும் ஒன்று.

புத்தகக் கடைக்குள் பூட்டப்பட்ட படம்

சினிமாவுக்கு நூலகர் உண்டா? ஒருவர் இருந்தார். திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே. நாயர், 1964-ல் புனேயில் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் அடுத்த ஆண்டே சேர்ந்து, 1991-ல் அதன் இயக்குநராக ஓய்வு பெற்றார். தாதாசாகிப் பால்கேயின் படங்களில் எஞ்சியவை நமக்குக் கிடைத்ததில் அவர் பங்கு பெரிது.

அவர் மீட்ட படங்களில் ஒன்றின் கதை நூலகர்களுக்கென்றே எழுதியது போலிருக்கும். சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்ட வர்மா' நாவலை 1930-களின் தொடக்கத்தில் மௌனப் படமாக எடுத்தார்கள். நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கியது. படச்சுருள் பதிப்பாளர் வசம் போய்ச் சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1974-ல், அது ஆவணக் காப்பகத்துக்கு வந்தது. கேரளத்தில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் பிழைத்திருப்பது அது ஒன்றுதான். புத்தகக் கடைக்குள் பூட்டிக் கிடந்ததால் பிழைத்தது; பூட்டிக் கிடந்ததால் ஒரு தலைமுறை முழுவதும் அதைப் பார்க்காமலே போனது.

நாயர் பூட்டி வைப்பதோடு நிற்கவில்லை. காப்பகத்திலிருந்து படச்சுருள்கள் நாடெங்கும் உள்ள ஃபிலிம் சொசைட்டிகளுக்குப் போயின. மிகத் தொலைவில் அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று ஹெக்கோடு. கர்நாடகத்தின் ஷிவமொக்கா மாவட்டத்தில் பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கிராமம். அங்கே கே.வி. சுப்பண்ணா 'நீநாசம்' என்ற நாடக அமைப்பை 1949-ல் தொடங்கி நடத்தி வந்தார். 1973-ல் அதனோடு ஒரு ஃபிலிம் சொசைட்டியும் சேர்ந்தது. புனேயிலிருந்து சதீஷ் பகதூரும் நாயரும் வந்து திரைப்பட ரசனை வகுப்புகள் எடுத்தார்கள். விவசாயிகளும் குடும்பப் பெண்களும் உட்கார்ந்து உலகப் படங்களைப் பார்த்தார்கள். சுப்பண்ணாவுக்கு 1991-ல் மகசேசே விருது கிடைத்தது. ஷிவேந்திர சிங் துங்கர்பூர் நாயரைப் பற்றி 2012-ல் எடுத்த 'செல்லுலாயிட் மேன்' ஆவணப்படத்தில் ஹெக்கோடு ஊர்க்காரர்கள் அந்தப் படங்களைப் பற்றி, தங்கள் ஊரில் நடந்த சம்பவம் போலப் பேசுகிறார்கள்.

கிராமத்தாருக்கு இதெல்லாம் புரியாது என்று முடிவு கட்டியிருந்தவர்களுக்கு அதுவே பதில். படம் கடினமாக இருந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, 'இதைப் பாருங்கள்' என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்தது.

1980-களில் தூர்தர்ஷனும் ஏறக்குறைய இந்த வேலையைச் செய்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் விருது பெற்ற மாநில மொழிப் படங்கள். தமிழுக்கு எப்போது முறை வரும் என்று காத்திருந்தவர்கள் வேறு வழியில்லாமல் வங்காளமும் ஒரியாவும் அஸ்ஸாமியமும் பார்த்தார்கள். அப்படி மாட்டிக் கொண்டவர்களில் சிலர் பிறகு அடூரையும் காசரவள்ளியையும் தேடிப் போனார்கள்.

பேசாத நூலகர்

பிறகு என்ன ஆயிற்று? நூலகருக்கு நாக்கு மரத்துப் போனதற்கு அவர் மட்டும் காரணமில்லை.

முதல் காரணம் கொள்முதல். நூல் வாங்க ஏற்பாடுகள் இல்லாமலில்லை. கல்கத்தாவில் 1972-ல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, மாநில அரசுகள் ஒதுக்கும் பணத்தோடு தன் பங்கையும் சேர்த்து நூல் வாங்க உதவுகிறது. ஆனால் பல மாநிலங்களில் தேர்வு தலைநகரில் கூடும் குழுவின் வேலை. கட்டுக் கட்டாக வந்து இறங்குவதைப் பதிவேட்டில் ஏற்றி, எண் எழுதி, அடுக்குவது நூலகரின் வேலை. தனக்கு என்ன வரப் போகிறது என்பது கட்டைப் பிரிக்கும் வரை அவருக்கே தெரியாது.

இரண்டாவது காரணம் பயம். மத்திய அரசின் 2017-ம் ஆண்டுப் பொது நிதி விதிகள், ஓராண்டில் வழங்கப்படும் அல்லது பார்வையிடப்படும் ஆயிரம் நூல்களுக்கு ஐந்து தொலைவதை நியாயமான இழப்பாக ஏற்கின்றன. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட நூல் தொலைந்தால் விசாரணை உண்டு. தாராளமான விதிதான். ஆனால் தணிக்கை அதிகாரி வந்து நிற்கும்போது கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? நூலகர்தான். படிக்கப்படாத நூல் தொலையாது. நூறு பேரைப் படிக்க வைத்தவருக்குப் பாராட்டுக்கு விதி இல்லை. ஒரு நூல் காணாமற் போனால் கேள்விக்கு விதி இருக்கிறது. இந்தத் தராசில் எந்தத் தட்டு தாழும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது காரணமும் பயம்தான், வேறு வகை. பரிந்துரைப்பவர் பொறுப்பேற்கிறார். யு.ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' கன்னட நாவல் 1965-ல் வந்தது. ஓர் அக்கிரகாரத்தில் ஆசாரத்தை மீறி வாழ்ந்தவன் இறந்து போகிறான். பிணத்துக்குச் சடங்கு செய்வது யார் என்பதுதான் கதை. பட்டாபிராம ரெட்டி அதைப் படமாக்கியபோது சென்னையில் தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டில் வெளிவந்த அதே படம், 1970-ன் சிறந்த படத்துக்கான தேசிய விருதை வென்றது. பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவல் 1975-ல் சாகித்ய அகாடமி பரிசு பெற்றது. கோவிந்த் நிஹலானி அதைத் தொடராக எடுத்து 1988-ல் தூர்தர்ஷனில் வந்தபோது வழக்குகள் கிளம்பின. பம்பாய் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஒளிபரப்பை அனுமதித்தன. நீதிபதிகள் வரை போக வேண்டியிருந்த விஷயத்தை, தாலுகா நூலகர் ஒருவர் தன் சொந்தத் துணிச்சலில் மேஜை மேல் எடுத்து வைப்பாரா? வைத்தால் அவர் பின்னால் துறை நிற்குமா? நிற்கும் என்று எழுத்தில் சொல்லப்படாத வரை, அவர் ராசிபலனும் சமையல் குறிப்பும் எடுத்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அவர் விட்ட இடத்தை இப்போது செல்பேசி நிரப்புகிறது. அதுவும் பரிந்துரைக்கிறது, ஓயாமல். நேற்று பார்த்ததற்கு ஒப்பான ஒன்றை இன்று நீட்டுகிறது. இன்று பார்த்ததற்கு ஒப்பானதை நாளைக்கு எடுத்து வைத்திருக்கிறது. துப்பறியும் படம் பார்த்தவருக்கு ஆயுள் முழுவதும் துப்பறியும் படம். நல்ல நூலகர் செய்வது இதற்கு நேர்மாறு. ஒருவருக்குப் பிடித்ததைத் தெரிந்து கொண்டு, அதிலிருந்து ஓர் அடி தள்ளி நிற்கும் ஒன்றைக் கையில் வைக்கிறார்.

ஒரு மேஜை, ஒரு மாதம்

அப்படிப்பட்ட நூலகர் என்ன எடுத்து வைக்கலாம்? சாகித்ய அகாடமியும் நேஷனல் புக் டிரஸ்டும் 1950-களிலிருந்து மற்ற இந்திய மொழி நாவல்களைத் தமிழில் கொண்டு வந்திருக்கின்றன. குறைந்த விலை, சுமாரான அட்டை, அலமாரியின் கீழ்த்தட்டு. அவற்றிலிருந்தும் தனியார் பதிப்புகளிலிருந்தும் ஒரு மாதத்துக்கான மேஜையை நிரப்பிப் பார்க்கலாம்.

தெரியாத ஊருக்கு வேலை மாற்றலாகிப் போகும் ஆசிரியர் ஒருவர் வருகிறாரா? வெங்கடேஷ் மாட்கூல்கரின் மராத்தி நாவல் 'பன்கர்வாடி' அவருக்கு. ஆட்டிடையர்கள் வாழும் சிற்றூருக்குப் பள்ளி நடத்தப் போகும் இளைஞன், கடிதம் எழுதித் தருவதிலிருந்து பஞ்சாயத்து வரை அந்த ஊருக்கு எல்லாமாக ஆகிறான். பிறகு பஞ்சம் வருகிறது. தமிழில் உமாசந்திரன். அமோல் பாலேகர் 1995-ல் எடுத்த படத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

வயதான பெற்றோரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக் கொண்டிருப்பவருக்குத் தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்'. நாடி பிடித்தே மரணத்தின் நேரத்தைச் சொல்லும் முதிய வைத்தியருக்கும் புதிதாக வந்த ஆங்கில டாக்டருக்கும் இடையே நடக்கும் மோதல். யார் பக்கம் நியாயம் என்று எழுதியவர் தீர்ப்புச் சொல்வதில்லை. த.நா. குமாரஸ்வாமியின் தமிழ் அதை நம் ஊர்க் கதையாக்கிவிடுகிறது.

பெரிய நாவலுக்கு நேரமில்லை என்பவருக்குக் கேசவ ரெட்டியின் 'அவன் காட்டை வென்றான்'. காணாமற் போன சினைப் பன்றியைத் தேடி ஒரு கிழவன் இரவில் காட்டுக்குள் போகிறான். அவ்வளவுதான் கதை. தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஒருவர் தெலுங்கில் எழுதியது. தமிழில் ஏ.ஜி. எதிராஜுலு. ஒரே மூச்சில் படித்து விடலாம், மறக்கத்தான் முடியாது.

குடும்பக் கதை கேட்பவரிடம் ஆஷாபூர்ணா தேவியின் 'முதல் சபத'த்தைக் கொடுக்கலாம். ஞானபீடப் பரிசு பெற்ற முதல் பெண் எழுத்தாளர் அவர். வங்காளத்தில் சிறுமியாக இருக்கும்போதே மணம் முடிக்கப்பட்ட சத்யவதி, தானாக எழுத்துக் கற்றுக் கொண்டு, கேட்கக் கூடாத கேள்விகளைக் கேட்டுக் கொண்டே வளர்கிறாள். தமிழாக்கம் புவனா நடராஜன். பாதி படித்தவர் மீதியை முடிக்காமல் திருப்பித் தர மாட்டார்.

கலவரச் செய்திகளைப் படித்துச் சலித்தவருக்கு வெங்கட் சாமிநாதன் மொழிபெயர்த்த 'தமஸ்'. ஒரு பன்றியைக் கொல்லச் சொல்லி ஓர் ஏழைக்குக் காசு கொடுக்கப்படுவதில் தொடங்கி ஓர் ஊரே எரிவதில் முடிகிறது. காதல் கதை கேட்பவருக்கு வைக்கம் முகம்மது பஷீரின் 'மதில்கள்', சுகுமாரன் தமிழில். சிறையின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல். முகம் கடைசி வரை தெரியாது. அடூர் கோபாலகிருஷ்ணன் படமாக்கியபோதும் அந்த முகத்தைக் காட்டவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்குப் புத்தகம் எதைச் செய்யும், சினிமா எதைச் செய்யும் என்று தனியாக வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

வடகிழக்கு என்றால் செய்தித்தாளில் வரும் துப்பாக்கிச் சத்தம் மட்டும் என்று நினைப்பவருக்கு லக்ஷ்மீநந்தன் போராவின் அஸ்ஸாமிய நாவல் 'கங்கைப் பருந்தின் சிறகுகள்'. பதும் பரூவா 1976-ல் இதைப் படமாக்கினார். அவர் வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான். கூடவே அரிபம் ஷ்யாம் சர்மாவின் மணிப்புரி படம் 'இஷானௌ'. தெய்வத்தின் அழைப்பு வந்து, கணவனையும் மகளையும் விட்டுப் போகும் பெண்ணின் கதை. 1991-ல் கான் விழாவுக்குப் போன அந்தப் படத்தைத் துங்கர்பூரின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் புதுப்பித்து 2023-ல் மறுபடியும் அதே விழாவில் திரையிட்டது.

பால் சொசைட்டி இருக்கும் ஊரில் ஷியாம் பெனகலின் 'மந்தன்' படத்துக்கு வேறு சிபாரிசு வேண்டியதில்லை. குஜராத்தின் ஐந்து லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டுத் தயாரித்த படம். 1976-ல் வெளிவந்தபோது தங்கள் படத்தைப் பார்க்க அவர்கள் கிராமங்களிலிருந்து லாரிகளில் வந்தார்கள்.

சின்ன மாற்றங்கள் போதும்

இவை எதற்கும் புதிய கட்டிடம் தேவையில்லை. ஒரு மேஜை, ஒரு பலகை, சாக்பீஸ். மாதம் ஐந்து நூல், இரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஊழியரின் கையெழுத்தில் நாலு வரி, அவர் பெயரோடு. பெயர் முக்கியம். துறை பரிந்துரைக்கும் நூலை யாரும் தேடிப் படிப்பதில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பரிந்துரைத்தால் படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்று சண்டை போடவாவது திரும்பி வருவார்கள்.

துறை செய்ய வேண்டியவை மூன்று. கொள்முதல் தொகையில் ஒரு பங்கையாவது அந்தந்த நூலகரின் தேர்வுக்கு விட வேண்டும். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை என்பதால், வாங்கி வைத்த உரிமையோடு ஒரு படப் பட்டியலைக் கிளை நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். நியாயமாகத் தொலைந்த நூலுக்கும், நேர்மையாகப் பரிந்துரைத்த நூலுக்கும் நூலகரைத் தண்டிப்பதில்லை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்றும் ஒரு சுற்றறிக்கையில் அடங்கும்.

ஏறக்குறைய எல்லா நூலகங்களிலும் வாசகர்கள் எழுதுவதற்கென்று ஓர் ஆலோசனைப் பதிவேடு உண்டு. மின்விசிறி ஓடவில்லை, இன்ன பத்திரிகை வரவில்லை, இன்ன போட்டித் தேர்வு நூல் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். வாசகர்கள் நூலகத்துக்கு எழுதி வைத்தவை. நூலகம் வாசகருக்கு எழுதும் பதிவேடு ஒன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.